ரேடியேட்டரில் உப்பு

பெருங்களத்தூர் ரயில்வே கேட்டுக்கு முன்னால் வண்டி மறுபடியும் கொதித்தது. பானெட்டின் இரண்டு ஓரங்களிலிருந்தும் ஆவி குபுகுபுவென்று கிளம்பி முன் கண்ணாடியை மூடிவிட்டது. தேவானந்தம் அவசர அவசரமாக எஞ்சினை நிறுத்தினார். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

வெயிலில் நான்கு பேரும் இறங்கி நின்றார்கள். தேவானந்தமும் அவர் மனைவி ரத்தினபாயும், தனசிங்கும் அவர் மனைவி புஷ்பமும். சர்ச் முடிந்து நேராகக் கூடுவாஞ்சேரியில் ஒரு வீடு பிரதிஷ்டைக்குக் கிளம்பியவர்கள். பெண்கள் இரண்டு பேரும் பட்டுப் புடவையில் இருந்தார்கள். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

தனசிங் சத்தம் போடவில்லை. அவர் சத்தமே போடமாட்டார். கைக்குட்டையால் பிடித்து ரேடியேட்டர் மூடியை மெதுவாகத் திருகிக்கொண்டே, பொறுமையாகச் சொன்னார்.

"தேவா, தாம்பரத்துலேந்து செகண்ட் கியர்லயே இழுத்துட்டு வந்தீங்க. கிளட்ச் மேலேந்து காலையே எடுக்கல. எஞ்சின் என்ன பண்ணும், பாவம்."

"எடுத்தேன்னுதான் நெனக்கிறேன் அண்ணா."

"நெனக்கிறீங்க. கால் அது பாட்டுக்குப் போய் உக்காந்துக்குது. என் கைல ஒரு நாளாவது கொதிச்சிருக்கா, நீங்களே சொல்லுங்க."

அவர் ஓட்டிக் கொதித்ததைத் தேவானந்தம் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரே ஹைஸ்கூலில் வாத்தியார்கள். தனசிங் கணக்கு, தேவானந்தம் பூகோளம். இந்த ஐம்பத்து நான்கு மாடல் மாரிஸ் மைனரைப் போன வருஷம் இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு சாவி. வாரத்தில் முதல் பாதி தேவானந்தம் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும், அடுத்த பாதி செம்பாக்கத்தில் தனசிங் வீட்டுக் கொட்டகையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பத்துக்கும் பொது. எழுத்து எதுவும் கிடையாது. சபையில் பல வருஷமாக ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள், ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் முதல் ஆளாக நிற்கிறவர்கள். அவர்களுக்குள் எழுதி வாங்கினால்தான் தப்பாகத் தெரியும்.

தேவானந்தத்துக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் தனசிங்தான். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கற்றுக்கொண்டார். ஏரிக்கரை ரோட்டில் முதன் முதலாகத் தனியாக ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ரத்தினபாய்க்கு முழங்கால் வலி. அதுவரை சர்ச்சுக்கு ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்துப்போவது அவருக்குப் பெரிய காரியமாக இருந்தது. அவர் வாழ்க்கையில் சம்பளம் தவிர, தானாகச் சம்பாதித்தது அது ஒன்றுதான் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

நாலைந்து மாதமாகத்தான் இந்தக் கொதிப்பு. மார்க்கெட் போனால் கொதிக்கும், குரோம்பேட்டை போய் வந்தால் கொதிக்கும். ஸ்டாஃப் ரூமில் தமிழ் வாத்தியார் சாம்பசிவன், "என்ன சார், உங்க வண்டி கரியில ஓடுதா, தண்ணியில ஓடுதா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தனசிங் மட்டும் சிரிக்கமாட்டார். அதற்காகவே தேவானந்தம் அவருக்கு மனசுக்குள் நன்றி சொல்லியிருக்கிறார்.

கேட் திறந்து, ரயிலுக்காக நின்ற வண்டிகள் எல்லாம் போன பிறகு, தனசிங் அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போனார். கொஞ்ச நாளைக்குத் தான் ஒருவனே ஓட்டுவதாகவும், எங்கே போகவேண்டுமானாலும் சொல்லியனுப்பினால் தானே வந்து அழைத்துப்போவதாகவும் சொன்னார். இப்படியே போனால் எஞ்சின் தலையே வெடித்துவிடும், அப்புறம் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும் என்றார்.

"சாவிய மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க தேவா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. எல்லாருக்கும் எல்லாம் கை வராது."

தேவானந்தம் சரி என்றார். வேறு என்ன சொல்வது? தன் கையாலும் காலாலும் ஒரு நல்ல வண்டி சாகிறது என்றால், அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது நியாயமில்லை.

தனசிங் அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கு ரயில் ஏறினார். கொட்டகைக்குக் கீற்று மாற்றிக்கொண்டிருந்ததால் வண்டி வேப்பமரத்தடியிலேயே நின்றது. அடுத்த ஞாயிறு வந்து வண்டியையும் சாவியையும் எடுத்துக்கொள்வதாகவும், அதுவரை யாரும் அதில் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மே மாசம், பள்ளிக்கூடம் லீவு. தேவானந்தம் இரண்டு நாள் கை வைக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்ப்பார், பேப்பர் படிப்பார், மறுபடி பார்ப்பார். மூன்றாம் நாள் காலையில் பழைய பனியனும் லுங்கியுமாக எழுந்து போய் பானெட்டைத் தூக்கினார்.

"அவர்தான் தொடவேணாம்னு சொல்லிட்டுப் போனாரே," என்றாள் ரத்தினபாய்.

"நான் என்ன கெடுத்தேன்னு பாக்கறேன். அதத் தெரிஞ்சுக்கிட்டுக் குடுத்துடறேன்."

அவர் மெக்கானிக் இல்லை. ஆனால் ஆறு எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது, எங்கே தடைபடுகிறது என்று வருஷா வருஷம் போர்டில் வரைகிறவர். தண்ணீர் எஞ்சினுக்குள் சூடாகிறது, மேல் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது, அதன் மெல்லிய குழாய்களில் இறங்கி ஆறுகிறது, கீழ்க் குழாய் வழியாகத் திரும்பப் போகிறது. கொதிக்கிறது என்றால் இந்த வழியில் எங்கேயோ ஏதோ சரியில்லை. அதற்குத் தன் கிளட்ச் கால் எப்படிக் காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் நோக்கம்.

ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. ரப்பர் குழாய்களில் வெடிப்பு இல்லை. எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார், எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. தண்ணீர் சூடானதும் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட் என்ற பித்தளை மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ரத்தினபாய் ரசம் வைக்கிற ஈயச் சொம்பை அவர் கண்ணில் படாமல் நகர்த்தி வைத்துவிட்டு ஒரு பழைய பாத்திரம் கொடுத்தாள். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க மூடி பூப்போல விரிந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். கியர் போடவில்லை. வண்டிக்குள் ஆளே இல்லை. அவர் வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் மூடி நடுங்க ஆரம்பித்தது. அப்புறம் ஓரத்தில் சீறியது. வேப்பமரத்தடியில், நின்ற இடத்தில் நின்றபடியே வண்டி கொதித்தது.

தேவானந்தம் அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"ரத்தினம், இங்க வந்து பாரு. யாருமே கிளட்ச்ச மிதிக்கல."

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கி வந்து பார்த்தாள். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எஞ்சினை நிறுத்தி, உள்ளங்கையால் ரேடியேட்டரைத் தடவிப் பார்த்தார். மேலே தொட முடியாத சூடு. பாதிக்குக் கீழே பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. தண்ணீர் இறங்கவே இல்லை. நடுவில் அடைப்பு. தனசிங்குக்கு இதை எவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. இரண்டு பேருமே தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம் அண்ணா, வியாதி வேறு இடத்தில் என்று சொன்னால் மனுஷன் எவ்வளவு சந்தோஷப்படுவார்.

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றித் துணி துவைக்கிற கல்மேல் படுக்கவைத்தார். மேல் தொட்டிக்குள் விரலை விட்டபோது, சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் ஒரு துண்டு பெயர்த்தார். இன்னதென்று தெரியவில்லை. சற்று யோசித்துவிட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு கரித்தது. சுண்ணாம்பின் காரல் கொஞ்சம், அதற்கு மேலே நல்ல கடல் உப்பு.

அவர் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். தனசிங் வீட்டுக் கிணறு செம்பாக்கம் ஏரி ஊற்று, அதுவும் அப்படித்தான். வண்டி வாங்கின புதிதில் இரண்டு பேருமாகச் சேர்ந்து இதே ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். அன்றைக்கு உள்ளே பித்தளை பளபளவென்று இருந்தது. ஆக இந்த உப்பு இந்த ஒரு வருஷத்தில் வந்தது. தெற்கே கூடுவாஞ்சேரி, வடக்கே பல்லாவரம், இதைத் தாண்டி வண்டி போனதாக அவருக்குத் தெரியாது. உப்புத் தண்ணீர் வேண்டுமானால் கடற்கரைக்குத்தான் போகவேண்டும்.

செம்புப் பாத்திரம் தேய்க்க ரத்தினபாய் வைத்திருந்த பழம்புளியை வாங்கிக் கரைத்துக் கொதிக்கவைத்து, ரேடியேட்டருக்குள் ஊற்றி ஊறவிட்டார். பிறகு தலைகீழாக நிறுத்திக் கீழிருந்து மேலாகத் தண்ணீர் பாய்ச்சினார். துருவும் வெள்ளைச் செதிலுமாகக் கொட்டியது. மறுபடி புளி, மறுபடி தண்ணீர்.

வெள்ளிக்கிழமை காலை, அவர் அந்த வேலையில் இருக்கும்போது வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். இடுப்பில் வெறும் மீன்கூடை. வியர்த்து விறுவிறுத்திருந்தாள். வண்டியைப் பார்த்தாள், கல்மேல் கிடந்த ரேடியேட்டரைப் பார்த்தாள், கை முழுக்கக் கிரீசோடு உட்கார்ந்திருந்த தேவானந்தத்தைப் பார்த்தாள்.

"இன்னா டிரைவரே, வண்டிய இங்க பிரிச்சிப் போட்டுகினு குந்திகினு கீற? விடியங்காட்டி ரோட்டாண்ட நின்னோம். வண்டி வர்ல. பஸ்ஸுல கூடைய ஏத்த மாட்டேன்ட்டான். பாதி மீனு நாறிப் பூட்ச்சு."

தேவானந்தம் எழுந்து நின்றார். யாரம்மா நீ, எந்த வண்டி என்று கேட்டார்.

"இதே வண்டிதான். நம்பரு தெரியாதா எனக்கு? எல்லா வெள்ளிக்கெயமயும் இதுலதான கோவளத்துலேந்து பல்லாவரம் சந்தைக்கு மீன் எடுத்தாறோம். என் பேரு பொன்னி, வண்டிக்கார சாரக் கேளு, தெரியும். செம்பாக்கத்துல வூடு பூட்டிக் கீது. தாம்பரத்துல டிரைவர் வூட்டாண்ட வண்டி நிக்கும்னு முன்ன ஒரு தபா சொன்னாரு. அதான் தேடிகினு வந்தேன்."

"வண்டிக்கார சார் யாரு?"

"தனசிங் சாரு. இன்னா தெரியாத மாறி கேக்கற?"

ரத்தினபாய் கதவோரம் வந்து நின்றதை அவர் பார்த்தார். கையால் அவளைப் பேசாதே என்று காட்டினார். வண்டி வழியில் கொதிக்குமா என்று பொன்னியிடம் கேட்டார்.

"கேளம்பாக்கம் தாண்டச்சொல்ல கொதிக்கும். பின் சீட்டக் கயட்டிட்டு, நாத்தம் ஒட்டாம தார்ப்பாய் விரிச்சி, அவ்ளோ கூடை ஏத்தறமே. அதுக்குத்தான் ரெண்டு கொடத்துல எங்க குப்பத்துக் கேணித் தண்ணி எடுத்துகினு வருவோம். உப்புத் தண்ணி, குடிக்கத்தான் ஆவாது, வண்டிக்கு இன்னா?"

"சார் என்னப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?"

பொன்னி கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"கோச்சிக்காத. ஒரு டிரைவரு வச்சிகினு கீறேன், அவன் கைல குட்த்தாலே கொதிக்க வச்சுடறான், சீக்கிரம் நிறுத்திடப் போறேன்னாரு. நீ கெட்டிக்காரனாத்தான் தெரியற, இதெல்லாம் பிரிச்சி மாட்றியே. எதுக்கும் வேற வேல பாத்துக்கோண்ணா."

தேவானந்தம் தலையை ஆட்டினார். சார் ஊரில் இல்லை, இனிமேல் இந்த வண்டி சந்தைக்கு வராது, வேறு வண்டி பார்த்துக்கொள் என்று நிதானமாகச் சொன்னார். ரத்தினபாய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பொன்னி நின்றபடி குடித்துவிட்டு, தனசிங்கைத் திட்டிக்கொண்டே போய்விட்டாள்.

"நீங்க டிரைவர் இல்ல, வாத்தியார்னு சொல்லியிருக்கலாமே," என்றாள் ரத்தினபாய்.

அவர் திரும்பிக் கல் பக்கத்தில் உட்கார்ந்தார். புளித் தண்ணீரை ஊற்றினார். பாதி வெளியே போயிற்று. பெருங்களத்தூர் ரோட்டில் தோள்மேல் கிடந்த தனசிங்கின் கையின் கனம் திடீரென்று அவருக்கு ஞாபகம் வந்தது. வாடகைக்கு ஓட்டியதைக் கூட அவரால் எப்படியாவது செரித்துக்கொள்ள முடிந்தது. காலை எடுங்கள் தேவா, காலை எடுங்கள் தேவா என்று எத்தனை ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். இவரும் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் தரையில் காலை வைத்து எடுத்துப் பழகியிருக்கிறார்.

சனிக்கிழமை ரேடியேட்டரை மாட்டி, தன் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி எஞ்சினை ஓடவிட்டார். மேலும் கீழும் ஒரே மாதிரிச் சூடு. ரத்தினபாயைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலைநகர்ப் பக்கம் வரை போனார். வேண்டுமென்றே மேடுகளில் செகண்ட் கியரில் இழுத்தார். மீனம்பாக்கம் வரை திரும்பி ஓட்டினார். பட்டப்பகல் வெயில். ஒரு சொட்டு ஆவி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நால்வரும் செம்பாக்கம் வீட்டில் உட்கார்ந்தார்கள். புஷ்பம் கல்யாணத்துப் பலகாரத்தைத் தட்டில் வைத்தாள். தனசிங் ஊர்க் கதை சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"சாவி தேவா."

"வண்டி சரியாயிடுச்சு அண்ணா. ரேடியேட்டர் அடைச்சிருந்தது. உப்பு."

தனசிங்கின் கை நீட்டியபடியே நின்றது. புஷ்பம் சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவளுக்கும் தெரியும் என்பது தேவானந்தத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

"உப்பா? பழைய ஓனர் காலத்து..."

"பொன்னி வந்திருந்தா."

தனசிங் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். மாடியில் ஒரு ரூம் கட்ட ஆசைப்பட்டதையும், ட்யூஷன் வருமானம் குறைந்துபோனதையும், வாரத்தில் ஒரே ஒரு நாள்தானே என்று நினைத்ததையும் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு தேவானந்தம் கேட்டார்.

"அத நான் கேக்கல. என்னக் கேட்டிருந்தா ஓட்டிக்கங்கன்னு சொல்லியிருப்பேன். என் கையாலதான் கொதிக்குதுன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? கொதிக்குதேன்னா ஏன்னு பாப்பீங்க. தொறப்பீங்க."

"அதனால?"

"நான் சொன்னா நம்புவீங்கன்னு தெரியும் தேவா."

அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோல உள்ளதைச் சொன்னார். ரத்தினபாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தனசிங் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் முழங்கால் போட்டார். தப்பு பண்ணிவிட்டேன், மன்னித்துவிடுங்கள், ஜெபம் பண்ணி இதை இத்தோடு விட்டுவிடுவோம் என்றார். சபையில் யாருக்குள் மனஸ்தாபம் வந்தாலும் இப்படித்தான் முடிப்பது வழக்கம். ஜெபம் பண்ணின பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. அடுப்படியிலிருந்து புஷ்பம் வந்து முந்தானையால் தலைக்கு முட்டாக்குப் போட்டுக்கொண்டாள். ரத்தினபாயும் பழக்கத்தில் கண்ணை மூடினாள்.

தேவானந்தம் மூடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஜெபிக்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனசிங் நன்றாக ஜெபித்தார். சகோதர சிநேகத்தைப் பற்றி, பலவீனத்தைப் பற்றி, அழகாகச் சொல் எடுத்து, குரல் ஏறி இறங்கி ஜெபித்தார். கேட்டுக்கு முன்னால் ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டு பேசினாரே, அதே பொறுமையான குரல். அதில் எதைத் தள்ளுவது, எதை எடுத்துக்கொள்வது என்று தேவானந்தத்துக்குத் தெரியவில்லை.

ஆமென் என்று மூன்று பேர் சொன்னார்கள். தனசிங் கண்ணைத் திறந்தபோது, எதிரே தேவானந்தம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க சாவியக் குடுங்க அண்ணா. உங்க பாதிக்கு என்ன உண்டோ அத ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள தீத்துடறேன்."

"தேவா, இப்பதான ஜெபம் பண்ணோம்."

"நீங்க பண்ணீங்க."

தனசிங் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து வந்து கொடுத்தார். புஷ்பம் பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொடுக்க வந்தாள். ரத்தினபாய் வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது ஏரிக்கரையில் நல்ல காற்று. வண்டி பதவிசாகப் போயிற்று. தேவானந்தம் டாப் கியர் போட்டுக் காலைக் கிளட்ச்சிலிருந்து எடுத்தார். எடுத்தோமா என்று குனிந்து ஒரு தடவை பார்த்தார். கால் தரையில்தான் இருந்தது. தானே கழற்றி, தானே மாட்டி, தானே சரிபண்ணின வண்டி. வேறு எந்த நாளாக இருந்தாலும் இதைச் சொல்வதற்கென்றே நேராகத் தனசிங் வீட்டுக்குப் போயிருப்பார்.

"ஸ்கூல் தொறந்தா ஸ்டாஃப் ரூம்ல பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான உங்க ரெண்டு பேருக்கும்?" என்று ரத்தினபாய் கேட்டாள்.

அவர் குனிந்து மறுபடியும் காலைப் பார்த்தார்.